இன்டர்நெட் நிறுவனம் மாறினால் ஐ.பி. முகவரி ஏன் கூட வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போகிறேன். இப்போது இருக்கும் ஸ்டாடிக் ஐ.பி. (இன்டர்நெட்டில் என் இணைப்பை அடையாளம் காட்டும் மாறாத எண்) கூடவே வருமா?

வராது. மாதாமாதம் தனியாகக் காசு கட்டி வாங்கிய ஸ்டாடிக் ஐ.பி.யாக இருந்தாலும் வராது. நீங்கள் கட்டியது வாடகைதான். அந்த எண் உங்கள் இணைய நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட பெரிய தொகுதி ஒன்றின் துண்டு. நீங்கள் விலகியதும் அது தொகுதிக்கே திரும்பிவிடும், கொஞ்ச நாளில் வேறு வாடிக்கையாளருக்குப் போய்விடும்.

இதை நிறுவனங்களின் பேராசை என்று பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் விலகாமல் இருப்பதில் அவர்களுக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கே அரசாங்கம் சட்டம் போட்டு "முகவரியை எடுத்துப்போக விடுங்கள்" என்று உத்தரவிட்டாலும் எல்லோருக்கும் அதைச் செய்துதர முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மொபைல் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுகிறோமே? அது மட்டும் எப்படி முடிகிறது?

நியாயமான கேள்வி. இந்தியாவில் எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலையில் ஒரு மாநிலத்து எண்ணை இன்னொரு மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம் என்று ஆனது. தொலைபேசியில் முடிந்தது இன்டர்நெட்டில் ஏன் முடியாது என்று தோன்றத்தான் செய்யும்.

நீங்கள் ஓர் எண்ணை அழுத்தியதும், அழைப்பை இணைப்பதற்கு முன் உங்கள் கம்பெனியின் கருவி ஒரு தரவுத்தளத்தைப் பார்க்கிறது: இந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது? அதற்குப் பதிலாக இன்னொரு எண் கிடைக்கிறது. வலையமைப்புக்குள் வழி காட்டுவது அந்த இரண்டாவது எண்தான். நம் கையில் இருக்கும் பத்து இலக்கம் அந்தக் கட்டத்தில் வெறும் பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. இந்த விசாரணை ஓர் அழைப்புக்கு ஒரு தடவை நடந்தால் போதும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தாலும் ரிங் போவதற்குக் காத்திருக்கும் நமக்குத் தெரியாது.

இன்டர்நெட்டில் "அழைப்பை இணைப்பது" என்று ஒரு கட்டமே, தரவை வழி பார்த்து அனுப்பும் கருவியான ரவுட்டருக்குக் கிடையாது. தரவு பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் வரும், ஒவ்வொரு பாக்கெட்டும் தனி ஆள். 100 கிகாபிட் வேகமுள்ள ஒரு போர்ட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14.88 கோடி பாக்கெட்டுகள் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 7 நானோநொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஃபைபருக்குள் ஒளி ஒன்றரை மீட்டர்கூட நகராது. வெளியே இருக்கும் தரவுத்தளத்திடம் கேட்க வேண்டுமென்றால், கேள்வி அந்த ரேக்கைத் தாண்டுவதற்குள் அடுத்த பாக்கெட் வந்து நின்றுவிடும். ஆகவே எந்த முகவரி எந்தப் பக்கம் என்ற விவரம் முழுவதும் ரவுட்டருக்குள்ளேயே, அதுவும் மிக வேகமான நினைவகத்தில், தயாராக இருந்தாக வேண்டும்.

தொலைபேசி எண்ணுக்கு உண்மையான ஈடு ஐ.பி. முகவரி இல்லை. டொமைன் பெயர்தான். பெயரைக் கொடுத்தால் டிஎன்எஸ் முகவரியைச் சொல்கிறது, இணைப்பு தொடங்கும் முன் ஒரு தடவை. அந்த டொமைன் பெயரை நீங்கள் எந்த நிறுவனத்துக்கும் தாராளமாக எடுத்துப்போகலாம்.

எல்லா முகவரிகளையும் ரவுட்டரில் வைத்திருப்பதில் என்ன கஷ்டம்? மெமரிதான் மலிவாகிவிட்டதே.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் பின்கோடு போதும். 627 என்று தொடங்கினால் திருநெல்வேலிப் பக்கம். டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு நெல்லையின் தெருக்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. முதல் எண் 6 என்றால் தெற்கே போகும் பையில் போட்டால் போதும். இப்போது நெல்லைக்காரர் ஒருவர் டெல்லிக்குக் குடிபோகிறார், 627002 என்ற பின்கோடையும் கூடவே கொண்டுவருவேன் என்கிறார். முடியும். ஆனால் நாட்டின் ஒவ்வொரு தபால் நிலையத்திலும் "இவருக்கு வரும் கடிதத்தை மட்டும் டெல்லிக்கு அனுப்பு" என்று எழுதி ஒட்ட வேண்டும். ஒருவருக்கு என்றால் சரி. லட்சம் பேர் கேட்டால் பின்கோடு வைத்ததற்கே அர்த்தமில்லை.

ஐ.பி. முகவரியும் இதே முறையில்தான் இயங்குகிறது. 1993 செப்டம்பரில் சிஐடிஆர் என்ற முறை வந்தது. பக்கத்துப் பக்கத்து முகவரிகளை ஒரே தொகுதியாகச் சுருக்கி, "இந்தத் தொகுதி முழுக்க என் வழியாக" என்று ஒரே வரியில் அறிவிக்கலாம் என்றது அது. நிறுவனத்துக்குக் கீழே பல்லாயிரம் வாடிக்கையாளர்கள் இருந்தாலும் உலகத்துக்குத் தெரிவது ஒரு வரி. இந்தச் சுருக்கல் இல்லாவிட்டால் தொண்ணூறுகளிலேயே இன்டர்நெட் மூச்சு முட்டியிருக்கும். அன்றைய முதுகெலும்பு ரவுட்டர்கள் சிலவற்றில் இருந்த மெமரியே 16 மெகாபைட்.

இந்தச் சுருக்கலுக்கு அடிப்படையானதை ரெக்டர் விதி என்பார்கள். சிஐடிஆரையும், நெட்வொர்க்குகள் தங்கள் தொகுதிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பிஜிபி நெறிமுறையையும் வடித்தவர்களில் ஒருவரான யாக்கோவ் ரெக்டர் சொன்னது: முகவரி வலையமைப்பின் அமைப்பைப் பின்பற்றலாம், அல்லது அமைப்பு முகவரியைப் பின்பற்றலாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 1996-இல் அவரும் டோனி லீயும் எழுதிய ஆர்.எஃப்.சி. (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவண வரிசை) எண் 2008 ஆவணம், முகவரியைச் சொந்தமாகக் கொடுக்கும் முறை வளரும் இன்டர்நெட்டுக்குத் தாங்காது, கடன் கொடுக்கும் முறைக்கு மாறுங்கள் என்று வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. இன்றுவரை அதைத் திருத்தும்படி எதுவும் நடந்துவிடவில்லை.

மெமரி மலிவுதான், ஆனால் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் மெமரி. பெரிய ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கும் டீகேம் வேறு ரகம். எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் சிப் அது. விலை அதிகம், மின்சாரம் குடிக்கும், சூடாகும், அளவும் நிலையானது.

அந்த அளவு எப்போதாவது நிரம்பியிருக்கிறதா?

நிரம்பியிருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12.

ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோவின் சில பிரபலமான மாடல்களில் ஐபிவி4 (பழைய வகை ஐ.பி. முகவரி) பட்டியலுக்கு ஒதுக்கியிருந்த இடம் 512 கே, அதாவது 5,24,288 வரிகள். உலகப் பட்டியல் மெதுவாக அந்த எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. நிரம்பப் போகிறது என்று சில மாதங்களுக்கு முன்பே சிஸ்கோ எச்சரித்திருந்தது. அமைப்பை மாற்றி ரீபூட் செய்தால் போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை ரீபூட் செய்ய யாருக்குத்தான் மனம் வரும்? அன்றைக்கு அமெரிக்காவின் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் தவறுதலாகச் சுமார் 15,000 சின்னச் சின்ன துண்டுகளைக் கூடுதலாக அறிவித்தது. பட்டியல் எல்லையைத் தாண்டியது. பழைய ரவுட்டர்கள் சில திணறின, சில விழுந்தன, பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. வெரைசன் அந்த அறிவிப்பைச் சீக்கிரமே திரும்பப் பெற்றது. ஆனால் அது இல்லாமலே சில வாரங்களில் எல்லை தாண்டியிருக்கும்.

1994 தொடக்கத்தில் சுமார் 20,000 வரிகள் இருந்த பட்டியல் இன்று 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை: பாதிக்கு மேற்பட்ட வரிகள் மிகச் சிறிய தொகுதிகளுக்கு உரியவை. அந்த ஒவ்வொரு வரியின் செலவையும் அறிவித்தவர் கட்டுவதில்லை. முழுப் பட்டியலை வைத்திருக்கும் உலகத்து ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்து கட்டுகின்றன. இந்த விவகாரத்தின் முடிச்சு இதுதான் என்பது என் எண்ணம். தொழில்நுட்பம்கூட அடுத்தபடிதான். ஒருவருக்கு வசதி, பில் எல்லோருக்கும்.

என்னிடம் இருக்கும் ஒரே ஒரு முகவரியை மட்டும் புது நிறுவனம் அறிவித்தால் என்ன?

மற்றவர்கள் கேட்க மாட்டார்கள். ஸ்லாஷ் 24, அதாவது 256 முகவரிகளுக்குக் குறைவான தொகுதியைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் வடிகட்டி எறிந்துவிடும் (ஸ்லாஷுக்குப் பின் வரும் எண் கூடக் கூடத் தொகுதி சிறியது). ஐபிவி6 என்ற புதிய, நீளமான வகை முகவரி என்றால் எல்லை ஸ்லாஷ் 48. எந்தச் சட்டத்திலும் எழுதிய விதி இல்லை, ஆளாளுக்குத் தன் ரவுட்டரில் போட்டுக்கொண்ட வேலி. முன்பு இது இன்னும் கடுமையாக இருந்தது. 1995 வாக்கில் அமெரிக்காவின் பெரிய இணைய நிறுவனமான ஸ்பிரின்ட், 206-இல் தொடங்கும் முகவரிகளிலிருந்து மேலே உள்ளவற்றில் ஸ்லாஷ் 19-ஐவிடச் சிறியதை ஏற்கமாட்டோம் என்றது. அதாவது 8,192 முகவரிகளாவது இருந்தால்தான் எங்களோடு பேசலாம். பெரும் சண்டை நடந்தது. ஆனாலும் பட்டியல் அன்றைக்கு வெடிக்காமல் தப்பியதில் அந்த வீம்புக்கும் பங்குண்டு.

கோர்ட்டுக்குப் போனால்?

போயிருக்கிறார்கள். 2004 ஜூனில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு ஹோஸ்டிங் வாடிக்கையாளர், நிறுவனத்தை விட்டு விலகும்போது முகவரிகளையும் தொடர்ந்து பயன்படுத்த அனுமதிக்கும்படி தற்காலிக உத்தரவு வாங்கினார். நெட்வொர்க் பொறியாளர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு நீதிமன்றம் ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் டோக்கியோவிலோ நைரோபியிலோ இருக்கும் ரவுட்டரின் வடிகட்டியை அந்த உத்தரவு எப்படித் தொடும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரவுட்டர் எப்போதும் மிகக் குறிப்பான வரியைத்தான் நம்பும். பெரிய தொகுதியை ஒருவரும், அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை இன்னொருவரும் அறிவித்தால், துண்டுக்காரர் ஜெயிப்பார். 2008 பிப்ரவரி 24 அன்று இதுதான் நடந்தது. யூடியூப் தன் முகவரிகளை ஒரு ஸ்லாஷ் 22 தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபைத் தடுப்பதற்காக அதற்குள் ஒரு ஸ்லாஷ் 24-ஐ, 208.65.153.0/24-ஐ, அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டுக்கு வெளியே கசிந்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தின் யூடியூப் பார்வையாளர்கள் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். துண்டுகளை யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் அறிவிப்பது சாதாரணமாகிவிட்டால், எது முறையான இடமாற்றம், எது திருட்டு என்று பிரித்தறிவது இன்னும் கஷ்டம்.

ரயிலில் சென்னையிலிருந்து மதுரை போகும்போது மொபைல் இன்டர்நெட் அறுவதில்லையே? முகவரி கூடவே வருகிறதா?

வருவதாகத் தோன்றும். உண்மையில் உங்கள் முகவரி மொபைல் கம்பெனியின் ஒரு கேட்வேயில் (வெளி இன்டர்நெட்டுக்கான நுழைவாயிலில்) உட்கார்ந்திருக்கிறது, நகரவே இல்லை. நீங்கள் செங்கல்பட்டில் இருந்தாலும் திண்டுக்கல்லில் இருந்தாலும், அந்தக் கேட்வேயிலிருந்து டவர் வரை ஒரு சுரங்கம் போட்டு, அதாவது ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து, அனுப்புகிறார்கள். டவர் மாறும்போது சுரங்கத்தின் மறுமுனை மட்டும் மாறும். வெளியுலகப் பட்டியலில் ஒரு வரிகூட அசைவதில்லை. அழகான ஏற்பாடு, ஆனால் ஒரே கம்பெனிக்குள் மட்டும்தான் செல்லும். வீட்டு வைஃபைக்கு மாறிய நொடியில் முகவரி மாறிவிடும்.

அந்த மாற்றத்தை இப்போது மேலே இருக்கும் மென்பொருள் சமாளிக்கிறது. 2021-இல் தரநிலையான க்விக் நெறிமுறை இணைப்புக்குத் தனி அடையாள எண் வைத்திருப்பதால், கீழே முகவரி மாறினாலும் பேச்சைத் தொடர முடியும்.

சுரங்கம் இல்லாமல், முகவரியை நிஜமாகவே நகர்த்த யாராவது முயன்றிருக்கிறார்களா?

போயிங் முயன்றது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

2004-இல் லுஃப்தான்சா விமானத்தில் தொடங்கிய 'கனெக்ஷன் பை போயிங்' சேவை, பறக்கும் விமானத்துக்குள் இன்டர்நெட் கொடுத்தது. விமானம் செயற்கைக்கோள் வழியாக ஏதாவது ஒரு தரைநிலையத்தோடு பேசும். கண்டம் தாண்டும்போது தரைநிலையமும் மாறும். மொபைல் கம்பெனி மாதிரி ஒரே இடத்தில் கேட்வே வைத்தால், ஜப்பானுக்கு மேலே பறப்பவரின் பாக்கெட் அமெரிக்கா போய்த் திரும்ப வேண்டியிருக்கும். செயற்கைக்கோள் தாமதத்துக்கு மேல் இன்னொரு தாமதம். அதனால் விமானத்துக்கு ஒரு ஸ்லாஷ் 24 என்று கொடுத்துவிட்டு, விமானம் எந்தத் தரைநிலையத்தின் கீழ் வருகிறதோ அங்கிருந்து அந்தத் தொகுதியைப் பிஜிபியில் உலகத்துக்கே அறிவித்தார்கள். விமானம் நகர, அறிவிப்பும் நகர்ந்தது.

வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். ஆனால் அதன் அர்த்தம் என்ன? ஒரு விமானம் அட்லாண்டிக்கைக் கடந்ததற்காக உலகம் முழுவதும் முழுப் பட்டியல் வைத்திருக்கும் ரவுட்டர்கள் கணக்கைத் திருத்தின. நூறு விமானத்துக்குச் சரி. எல்லா விமானமும், கப்பலும், பேருந்தும் இப்படிக் கேட்டால்? 2006-இல் அந்தச் சேவையை மூடியதற்குக் காரணம் ரவுட்டிங் இல்லை, போதிய வாடிக்கையாளர்கள் சேராததுதான். முட்டுச்சந்தை எட்டும் முன்பே காசு தீர்ந்துவிட்டது.

தொலைபேசி மாதிரியே அடையாளத்தையும் இருப்பிடத்தையும் பிரித்துவிடலாமே?

பெரிய மூளைகள் பல வருடம் உழைத்த யோசனை இது. 2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் இன்டர்நெட் கட்டமைப்பு வாரியம் நடத்திய கூட்டத்தில் இதுதான் பேச்சு. அதிலிருந்து உருவானவற்றில் லிஸ்ப் என்ற நெறிமுறை முக்கியமானது, 2013-இல் சோதனை நிலை ஆவணமாக வந்தது. உங்களுக்கு ஓர் அடையாள முகவரி, அது எந்த இருப்பிட முகவரிக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்ல ஒரு தரவுத்தளம், நடுவில் சுரங்கம். கேட்கும் வேலையை ஓரத்தில் இருக்கும் ரவுட்டர் மட்டும் செய்யும், நடுவில் இருப்பவை நிம்மதியாக இருக்கும்.

உலகளவில் அது பிடிக்கவில்லை. முதல் பாக்கெட் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். கருவி வாங்கிப் போட வேண்டியவர் ஒருவர், பலன் கிடைப்பது வேறொருவருக்கு என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் ஒரே முதலாளியின் கீழ் இருக்கும் கார்ப்பரேட் வலையமைப்புகளில் லிஸ்ப் இன்றும் ஓடுகிறது. டேட்டா சென்டர்களும் வேறு பெயர்களில் இதே தந்திரத்தைத்தான் செய்கின்றன. செலவு செய்பவரும் பலன் பெறுபவரும் ஒருவராக இருந்தால் எதுவும் நடக்கும்.

ஐபிவி6 முழுதாக வந்துவிட்டால் தீருமா?

தீராது. ஐபிவி6 தீர்ப்பது எண் பஞ்சத்தை. பட்டியல் நீளும் பிரச்சினை அப்படியே இருக்கிறது, முகவரி நான்கு மடங்கு நீளம் என்பதால் சிப்பில் ஒரு வரி பிடிக்கும் இடமும் அதிகம்.

எனக்கே சொந்தமாக முகவரி வேண்டும் என்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. நிறுவனம் சாராத முகவரி என்று ஒரு வகை உண்டு. இந்தியாவில் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்ஸியின் கீழ் 2012 முதல் இயங்கும் ஐ.ஆர்.ஐ.என்.என். பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆசிய-பசிபிக் பகுதியில் புது உறுப்பினருக்குக் கிடைக்கும் ஐபிவி4 அதிகபட்சம் ஒரு ஸ்லாஷ் 23, அதாவது 512 முகவரிகள். கூடவே ஏ.எஸ். எண் (பிஜிபியில் உங்கள் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) வாங்க வேண்டும். பிஜிபி பேச ஒப்புக்கொள்ளும் இணைய நிறுவனங்கள் வேண்டும், சாதாரண பிராட்பேண்ட் திட்டத்தில் அது வராது. ஆர்.ஓ.ஏ. என்ற கையொப்பமிட்ட பதிவையும் உருவாக்கி வையுங்கள். இந்தத் தொகுதியை அறிவிக்க இந்த ஏ.எஸ்.ஸுக்குத்தான் உரிமை என்று அது சொல்லும். இல்லாவிட்டால் உங்கள் முகவரியை வேறொருவர் அறிவிக்கும்போது தடுப்பதற்கு யாரிடமும் ஆதாரம் இருக்காது.

வெளிச்சந்தையிலும் வாங்கலாம். ஏற்கெனவே திவாலாகியிருந்த தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான நார்டெலிடமிருந்து 2011-இல் மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது, ஒன்றுக்கு 11.25 டாலர். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி முதல் ஒரு பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர், வருடத்துக்கு ஏறக்குறைய 44 டாலர் வாடகை.

வங்கி, மருத்துவமனைக் குழுமம், பெரிய கல்லூரி, இரண்டு நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் இணைப்பு வைத்திருந்து ஒன்று அறுந்தாலும் மற்றதில் ஓட வேண்டியவர்கள்: இவர்கள் வாங்குவதில் நியாயம் உண்டு. இருபது பேர் வேலை செய்யும் ஆபீசுக்கு இது வீண் செலவு.

அப்படியானால் சின்ன ஆபீஸ் என்ன செய்வது?

முகவரி மாறும் என்று எதிர்பார்த்தே எல்லாவற்றையும் அமையுங்கள். வி.பி.என்., சிசிடிவி, பில்லிங் சர்வர் எதுவானாலும் எண்ணை நேராகத் தட்டி வைக்காமல் டொமைன் பெயர் மூலம் அணுகுங்கள். மாற்றுவதற்குச் சில நாட்கள் முன்பே டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை) ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நாளில் குறைத்துப் பலனில்லை, பழைய மதிப்பு ஏற்கெனவே பல இடங்களில் தங்கியிருக்கும்.

உண்மையான தலைவலி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத இடங்கள். வங்கியின் ஃபயர்வாலில், எஸ்.எம்.எஸ். கேட்வே கம்பெனியில், அரசு போர்ட்டல் ஒன்றில் என்றைக்கோ உங்கள் முகவரியைப் பதிவு செய்து கொடுத்திருப்பீர்கள். கொடுத்தவர் வேலையை விட்டே போயிருப்பார். எங்கெல்லாம் கொடுத்தோம் என்று ஒரு பட்டியலை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். சொந்த மெயில் சர்வர் வைத்திருந்தால் புது முகவரி பழைய ஸ்பேம் பட்டியல் எதிலும் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் புது நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். முகவரி மாற்றும் வேலையைச் சுலபமாக்க வேண்டும் என்று 1996-இல் ஓர் ஆர்.எஃப்.சி. வந்தது. 2010-இல் 'இன்னும்' என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டு இன்னொன்று வந்தது. நிலைமை புரிந்திருக்கும்.

மாற்றி முடித்ததும் பழைய இணைப்பை உடனே நிறுத்தலாமா?

ஒரு மாத வாடகையைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். பழைய முகவரிக்கு இன்னும் யார் வருகிறார்கள் என்று ஃபயர்வால் பதிவைப் பார்த்தால், மறந்துபோன இடங்கள் தானாகத் தெரியும். அப்புறம், டிஎன்எஸ்ஸில் பழைய முகவரியைக் காட்டும் துணைப்பெயர் எதையும் விட்டுவைக்காதீர்கள். அந்த முகவரி அடுத்து யாருக்குப் போகிறதோ, அவர் உங்கள் பெயரிலேயே ஒரு தளம் நடத்தலாம்.